21 செகண்ட்: ஜெட்பேக் ஏன் இன்னும் கடைக்கு வரல?

முதுகுல மாட்டிக்கிட்டுப் பறக்குற ஜெட்பேக் வீடியோ வருஷா வருஷம் வைரல் ஆகுது. ஆனா யாரும் அதுல ஆபீஸ் போறதில்ல. இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

கதை 1961-ல தொடங்குது. அமெரிக்காவுல பெல் கம்பெனி இன்ஜினியர் வெண்டல் மூர் ஒரு ராக்கெட் பெல்ட் செய்றார். கயிறு கட்டித் தானே பறந்து சோதிச்சவர். ஒருநாள் கயிறு அறுந்து விழுந்து, முழங்கால் சில்லு உடையுது. அதனால ஏப்ரல் 20-ம் தேதி கயிறே இல்லாம முதல்ல பறந்தவர் ஹரோல்ட் கிரஹாம். 13 செகண்ட், சுமார் 34 மீட்டர்.

அதுல நெருப்பே கிடையாது. அடர்த்தியான ஹைட்ரஜன் பெராக்சைடு வெள்ளி வலை மேல படும்போது, சூடான நீராவியும் ஆக்சிஜனுமா பிரியும். அந்த ஆவி ரெண்டு குழாய் வழியா கீழ சீறுது, ஆள் மேல போறார். டேங்க் ஃபுல்லா இருந்தா 21 செகண்ட் தாங்கும். அதுக்குள்ள தரையில கால் வெச்சாகணும்.

ஏன் இவ்வளவு கம்மி? சின்னக் கணக்கு. செகண்டுக்கு 1 கிலோ காற்றை 100 மீட்டர் வேகத்துல கீழ தள்ளினாலும், 100 கிலோ காற்றை 1 மீட்டர் வேகத்துல தள்ளினாலும், நமக்குக் கிடைக்கிற உந்துதல் ஒண்ணுதான். ஆனா முதல் வழிக்கு 5,000 ஜூல் செலவு, ரெண்டாவதுக்கு வெறும் 50. வேகம் வர்க்கத்துல ஏறுது இல்லையா, அதான். ராக்கெட் பெல்ட் கொஞ்சூண்டு ஆவியைப் பயங்கர வேகத்துல தள்ளுது. அந்தக் கொஞ்சூண்டையும் முதுகுலயே சுமக்கணும்!

ஜெட் இன்ஜின் காற்றை வெளியிலிருந்தே எடுத்துக்கும். அதனால நிமிஷக் கணக்குக்கு வந்துட்டோம். 2019-ல பிரான்ஸோட ஃபிராங்கி சபாட்டா, அஞ்சு குட்டி ஜெட் இன்ஜின் வெச்ச பலகை மேல நின்னு ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினார். சுமார் 35 கிலோமீட்டர், 22 நிமிஷம். ஆனா நடுக்கடல்ல ஒரு படகுல இறங்கி எரிபொருள் மாத்த வேண்டியிருந்தது.

இன்னும் நேரம் வேணும்னா? விசிறியைப் பெருசாக்கணும். ஜெட்சன் ஒன் மாதிரி எலெக்ட்ரிக் வண்டிங்க அந்த வழிதான்: எட்டு விசிறி, சுமார் 20 நிமிஷம். ஆனா அதை முதுகுல மாட்ட முடியாது, உள்ள உட்காரணும். விசிறியை இன்னும் பெருசாக்கிட்டே போனா கடைசியில ஹெலிகாப்டர்லதான் போய் நிப்போம். என்னைக் கேட்டா, சட்டை மாதிரி மாட்டிக்கிட்டு மணிக்கணக்கா பறக்குறது நடக்காது. பேட்டரி வந்தா சரியாகிடும்னு சொல்றவங்களுக்கு: ஒரு கிலோ மண்ணெண்ணெய்ல இருக்கற சக்தி, ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில இருக்கறதைவிட நாப்பது மடங்குக்கு மேல.

இன்னொரு சிக்கல், உயரம். 10 மீட்டர்ல இன்ஜின் நின்னா ஒன்றரை செகண்டுல தரை. மோதும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். சாதாரண பாராசூட் விரியவே நேரம் இருக்காது. அதான் இந்த வீடியோக்கள்ல பாதிக்கு மேல கீழ தண்ணி இருக்கும், கவனிச்சுப் பாருங்க. சபாட்டாவே முதல் முயற்சியில, ஜூலை 25 அன்னைக்கு, படகுல இறங்குறப்போ தவறிக் கடல்ல விழுந்தார். பெரிய அடி இல்ல. பத்தாவது நாள் திரும்ப ஏறிட்டார்.