ஆலை மன்றமான வரலாறு

தொழிற்சாலைகளுக்கும் ஆயுள் உண்டு. இயந்திரங்கள் பழையனவாகும், வாணிகம் வேறு வழியிற் செல்லும், ஒருநாள் ஆலைச் சங்கு ஊதுவது நின்றுவிடும். எஞ்சுபவை சுவர்களும் நிலமுமே. அவற்றை என்ன செய்வது என்னும் வினா உலகின் பெருநகரங்கள் பலவற்றின் முன் நிற்கின்றது. சுவர்களை இடித்து நிலத்தை விற்றுவிடுதல் எளிய வழி. வேறொரு வழியும் உண்டு என்பதற்குப் பிறேசில் நாட்டின் சாவோ பாவுலோ நகரம் சான்று தருகின்றது.

அந்நகரின் பொம்பேயா என்னும் பகுதியில் 1930ஆம் ஆண்டுகளின் இறுதியில் தகரப் பீப்பாய் செய்யும் தொழிற்சாலை ஒன்று எழுந்தது. பின்னர் அங்கே குளிர்சாதனப் பெட்டிகள் செய்யப்பட்டன. அத்தொழிலும் ஓய்ந்தபின், வர்த்தகத்துறை ஊழியரின் நலனுக்காக 1946இல் நிறுவப்பட்ட ‘செஸ்க்’ என்னும் சமூக சேவை நிறுவனம் அவ்விடத்தை வாங்கியது. வர்த்தக நிறுவனங்கள் ஊழியரின் சம்பளத் தொகையைக் கொண்டு கணக்கிட்டுச் சட்டப்படி செலுத்தும் பணமே அந்நிறுவனத்தின் வருவாய். ஆலையை இடித்துப் புதுக் கட்டடம் எழுப்பும் எண்ணம் முதலில் இருந்தது.

அப்பணி, 1914இல் றோம் நகரிற் பிறந்து 1946இல் பிறேசிலுக்குக் குடிபெயர்ந்த கட்டடக் கலைஞர் லீனா போ பார்டி அம்மையாரிடம் வந்தது. அவர் முதன்முறை சென்று பார்த்தபோது அவரைக் கவர்ந்தது ஆலையின் சட்டகம். இரும்புக் கம்பி பொதிந்த அந்தக் கொங்கிறீற்று வேலை, பிரான்சியப் பொறியியலாளர் என்னபீக் வகுத்த முறையைச் சார்ந்தது. விடுமுறை நாளொன்றில் மீண்டும் சென்றபோது அவர் கண்டதோ வேறு காட்சி. ஒழுகும் கூரையின் கீழே சிறுவர் பந்து விளையாடினர், தாய்மார் உணவு ஆக்கினர், முதியோர் கூடியிருந்தனர். கட்டளை எதுவுமின்றி மக்கள் தாமாகவே அவ்விடத்தைத் தமதாக்கிக் கொண்டிருந்தனர். அம்மகிழ்ச்சியைக் கலையாமற் காப்பதே தம் கடமை என்று அம்மையார் முடிவு செய்தார்.

1977இல் வேலை தொடங்கியது. அம்மையார் தம் அலுவலகத்தை அவ்விடத்திலேயே அமைத்துக்கொண்டு, வேலையாட்களோடு கலந்து பணி நடத்தினார். சுவர்களின் மேற்பூச்சு அகற்றப்பட்டுச் செங்கல் வெளிப்பட்டது. ஒரு கொட்டகை நாடக அரங்காயிற்று. மற்றொன்றில் வாசிகசாலையும், கணப்பு அடுப்பும், ஆறுபோல வளைந்து செல்லும் சிறு நீர்நிலையும் அமைந்தன. மட்பாண்டம், நெசவு, அச்சு, மரவேலை முதலியவற்றைப் பழகுதற்குப் பட்டறைகள் எழுந்தன. மலிவான உணவுச்சாலையும் திறக்கப்பட்டது. 1982இல் பழைய ஆலை மக்கள் மன்றமாயிற்று.

விளையாட்டரங்குகளுக்கு இடம் தேடியபோது இடையூறு ஒன்று நேர்ந்தது. நிலத்தின் நடுவே மூடப்பட்ட ஓடை ஒன்று ஓடியதால், அதன்மேற் கட்டடம் எழுப்ப இயலவில்லை. ஆகவே ஓடையின் இருமருங்கும் கொங்கிறீற்றுக் கோபுரங்கள் இரண்டு எழுந்தன. ஒன்றில் விளையாட்டுத் தளங்கள்; மற்றதில் உடைமாற்றும் அறைகள். இரண்டையும் வானிலே பாலங்கள் இணைத்தன. ஓடையின்மேற் பரப்பிய பலகைத் தளமோ, நகரமக்கள் வெயில் காயும் கடற்கரை போலாயிற்று. இவ்வேலைகள் 1986இல் முற்றுப்பெற்றன.

இம்மன்றத்தின் பெயரிலும் ஒரு கருத்து அடங்கியிருந்தது. கலாசாரம் என்னும் சொல் பெரும் பாரமானது. எளியவர் அதைக் கேட்டு வாயிலிலேயே தயங்கி நின்றுவிடுவர் என அம்மையார் எண்ணினார். ஆகவே ‘ஓய்வு நிலையம்’ என்ற பெயரையே அவர் விரும்பினார். ஆலை என்ற பழம் பெயரையும் கைவிடவில்லை. 1964 முதல் 1985 வரை பிறேசிலில் இராணுவ ஆட்சி நடந்தது என்பதையும் இங்கே கருத வேண்டும். மக்கள் கூடுவதே ஐயத்துக்குரியதாக இருந்த காலத்தில், எவரும் தடையின்றி வந்து அமர்வதற்கு ஓர் இடம் உருவாகியது சிறு செயலன்று.

ஆலை என்பது உழைப்பின் துன்பத்தை நினைவூட்டுவதன்றோ, அதனை ஏன் பேணவேண்டும் என்று சிலர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. ஆயினும், உழைத்தவரின் துன்பம் சுவரை இடிப்பதால் மறைந்துவிடாது. அவர் நினைவே மறைந்துபோகும். பழைய ஆலைகளை அழகுசெய்து, அதன் பயனாக வாடகை ஏறி, அயலில் வாழ்ந்த ஏழைகள் அகன்றுபோக நேர்ந்த நகரங்களும் உண்டு. அங்கே சுவர் பிழைத்தது; சுவருக்குள் வரவேண்டியவர் வெளியே நின்றனர்.

பொம்பேயாவில் இன்றும் முதியோர் சதுரங்கம் ஆடுகின்றனர். சிறுவர் நீரருகே ஓடுகின்றனர். நூலை விரித்தவாறே துயில்வாரும் உளர். கைவிடப்பட்ட ஆலையைப் புதுக்க முனைவோர், வரைபடத்தை விரிக்குமுன், அங்கே ஏற்கெனவே யார் வந்து போகின்றனர் என்று பார்த்தல் வேண்டும். அவர்களுக்கு இடமில்லாத மன்றம் எத்துணை அழகாயினும் மூடிய ஆலையே.