ஒரு மாவட்டம், மூன்று விவாகச் சட்டங்கள்



கண்டியச் சட்டத்தின்கீழ் மணம் புரிந்த சிங்களத் தம்பதியர் இருவர், தாங்கள் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்துகொள்ள விரும்புவதாக மாத்தளைக் கச்சேரியில் மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பம் செய்வார்களேயானால், எந்த நியாயஸ்தலத்தின் படியும் ஏறாமல், ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்தாமல், தங்கள் பந்தத்தை முறைப்படி தீர்த்துக்கொள்ள 1952 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. அதே ஊரில் வாழும் முஸ்லிம் தம்பதியருக்கு 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் காதி நீதிமன்றமும் இருக்கின்றன. இவ்விரு குடும்பங்களுக்கும் அடுத்த வீட்டிலே வாழும் தமிழ்ப் பெண்ணுக்கோ, 1907 இல் ஆங்கிலேய ஆட்சியாளர் இயற்றிய விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தைத் தவிர வேறு கதியில்லை. உன் கணவன் சோரம் போனானா, உன்னை வன்மத்தோடு கைவிட்டானா, மணம் செய்த காலத்திலேயே தீராத ஆண்மைக் குறைவு உடையவனாக இருந்தானா என்னும் மூன்றே கேள்விகளை அச்சட்டம் அவளிடம் கேட்கிறது. கணவன் நாள்தோறும் அடித்தான் என்றால், வழக்கறிஞரின் சாமர்த்தியத்தினால் அந்த அடியையும் ‘கைவிடுதல்’ என்ற பிரிவுக்குள் நுழைத்தாலொழிய, அதுகூடத் தன்னளவில் ஒரு காரணமாகாது.

தமிழருக்கு மாத்திரம் நேர்ந்த குறை இது என்று நான் சொல்லவில்லை. கரைநாட்டுச் சிங்களவரையும் இச்சட்டமே ஆள்கிறது. நமக்குத் தேசவழமை உண்டே என்று யாரேனும் நினைத்தால், அது சொத்துரிமையைப் பற்றிய யாழ்ப்பாணத்துச் சட்டம். மலைநாட்டுத் தமிழரை அது ஆள்வதில்லை. கண்டியச் சட்டமும் குற்றமற்றதன்று: சோரத்தின் விஷயத்தில் மனைவிக்கு ஒரு நீதியும் கணவனுக்கு வேறொரு நீதியும் வைத்திருப்பது அச்சட்டம்தான். ஆயினும், ஓராண்டு காலம் பிரிந்து வாழ்ந்தவர்களைப் பார்த்து, இனி இவர்கள் இணங்கி வாழமாட்டார்கள் என்று ஏற்றுக்கொள்ளும் விவேகம் அதில் இருக்கிறது. நம்மை ஆளும் சட்டத்தில் அந்த விவேகம் இல்லை. ஏழாண்டு பிரிந்து வாழ்ந்ததை மெய்ப்பித்தாலே போதும் என்று சிவில் நடைமுறைச் சட்டக்கோவைக்குச் சிலகாலம் பொருள் கூறப்பட்டதுண்டு. குற்றத்தையும் நிரூபித்தே ஆகவேண்டும் என்று 1986 இல் உயர் நீதிமன்றம் அந்தக் கதவையும் சாத்திவிட்டது.

எல்கடுவை மலையிலோ இரத்தோட்டைப் பக்கத்திலோ கொழுந்து பறிக்கும் ஒருத்தி வழக்குக்கு வரும் நாளை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, லயத்துக் காம்பராவில் பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டு வைத்துவிட்டு, அன்றைய பேரையும் அதற்குரிய கூலியையும் இழந்து, பஸ் ஏறி மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தால், அழைப்பாணை கணவன் கையில் சேரவில்லையென்று தவணை போடுகிறார்கள். அடுத்த முறையும் தவணை. கடைசியில் அவள் கூண்டில் ஏறும் நாளிலே, அந்நியர் நிறைந்த மண்டபத்தில், தன் படுக்கையறையின் துக்கங்களையெல்லாம் அவள் வாய்விட்டுச் சொல்லவேண்டும். கணவனும் மனைவியும் மனமொத்துப் பிரிய முன்வந்தாலும், அந்த உண்மையைச் சொன்னால் வழக்கு நிலைக்காது. ஆகையால் ஒருவர் மற்றவரைக் கைவிட்டதாக மனு எழுதப்படுகிறது, மற்றவர் எதிர்வழக்காடாமல் இருந்துவிடுகிறார். சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னால்தான் விடுதலை என்று ஒரு சட்டம் யோக்கியமான மனிதர்களைக் கட்டாயப்படுத்துமானால், ஒழுக்கத்தைக் காக்கிறேன் என்று சொல்ல அதற்கு என்ன அருகதை?

இத்தனையும் தாண்ட எல்லோராலும் முடிவதில்லை. முதல் விவாகம் தீராமல் மறுமணம் பதிந்தால் அது செல்லாது. ஏழாண்டு வரை சிறையும் உண்டு. ஆகவே பிரிந்தவர்கள் இன்னொரு துணையோடு பதியாமலே கூடி வாழ்கிறார்கள். ‘வைத்துக்கொண்டிருக்கிறான்’ என்ற ஒரே சொல்லில் ஊர் அந்தப் பெண்ணை முடித்துவிடுகிறது. பதினைந்து ஆண்டுகள் அவனுக்குச் சமைத்து, நோயில் பணிவிடை செய்து, கடனையும் கட்டியவள் அவள். அவன் மரண சாசனமில்லாமல் இறந்தாலோ, 1876 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி அவன் உடைமையிற் பாதி, என்றோ பிரிந்துபோன முதல் மனைவியைச் சேர்கிறது. இவளுடைய பிள்ளைகள் தந்தையின் சொத்துக்கு வாரிசுகளும் ஆகமாட்டார்கள். 1999 ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டம் அப்பிள்ளைகளுக்குச் சோறு போடச் சொல்கிறது, தாய்க்குச் சொல்லவில்லை. 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமோ கூடி வாழும் துணையையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அடிபட்டால் இவள் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிகிறாள், பட்டினி கிடந்தால் தெரிவதில்லை! பெற்றோர் விவாகமானவர்களா என்று கேட்கும் ஒரு கட்டம் நெடுங்காலமாகப் பிறப்புச் சான்றிதழில் இருந்ததே, அதில் ‘இல்லை’ என்று எழுதப்பட்ட தாளைப் பள்ளிக்கூடத்தில் நீட்டிய பிள்ளையின் முகத்தை இந்தச் சபையில் எத்தனை ஆசிரியர்கள் கண்டிருப்பீர்கள்!

விவாகரத்தை எளிதாக்கினால் நம் பண்பாடு அழியும் என்கிறார்கள். எந்தப் பண்பாடு? மன்னாரில் இறங்கி, தம்புள்ளைக் காட்டுவழியே நடந்து இந்த மாத்தளைக்கு வந்த நம் பாட்டன் பாட்டிகளில் பெரும்பாலோர், பஞ்சாயத்தின் முன்னிலையில் தீர்த்துக்கொள்ளவும், பெண்கள் அறுத்துக் கட்டவும் வழக்கம் உள்ள குடிகளிலே பிறந்தவர்கள். பிரியாமல் இருப்பதே குலப்பெருமை என்பது மேல்சாதியாரிடமிருந்து நாம் பின்னாளில் வாங்கிக்கொண்ட அபிப்பிராயம். அந்தப் பெருமையின் செலவை நம் பெண்கள் தம் உடம்பிலே தாங்குகிறார்கள். தமிழ்நாட்டிலே 1929 இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மகாநாடு விவாகரத்து உரிமையைக் கேட்டது. 1949 இல் சென்னை மாகாணம் இந்துக்களுக்கு அதைச் சட்டமாக்கியது. 1976 முதல் இந்தியாவில் இந்துத் தம்பதியர் சம்மதத்தின் பேரிலேயே பிரியலாம். 1907 ஆம் ஆண்டுச் சட்டத்தை நமக்கு விட்டுப்போன இங்கிலாந்தும் 2022 ஏப்ரல் முதல் குற்றத்தை நிரூபிக்கச் சொல்வதை அடியோடு விட்டுவிட்டது. இத்தனை நாடுகள் நடந்தபின்னும், மாத்தளைத் தமிழ்ப் பெண் மாத்திரம் 1907 இலேயே நிற்கவேண்டுமா?

பாராளுமன்றத்தை நாம் கேட்க வேண்டியவை இவை. கச்சேரியில் ஒரு சாராருக்கு ஓராண்டுப் பிரிவு போதுமென்றால், பொதுச் சட்டத்திலும் அதுவே போதுமானதாக வேண்டும். பரஸ்பர சம்மதம் ஒரு காரணமாக வேண்டும். ஜீவனாம்சமும் பிள்ளைகளின் பொறுப்பும் முதலில் தீர்க்கப்பட்ட பிறகே பிரிவு பதியப்பட வேண்டும், ஏனெனில் எளிய விவாகரத்து என்ற பெயரில் கணவன் கைவீசிப் போய்விட நாம் வழிவிடக் கூடாது. நெடுநாள் கூடி வாழ்ந்த பெண்ணுக்குத் தாபரிப்பும் முதுசத்தில் ஒரு பங்கும் வேண்டும். அரசியலமைப்பின் 16 ஆம் உறுப்புரை பழைய சட்டங்களையெல்லாம் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்று காத்து நிற்கிறபடியால், நீதிமன்றத்தில் முறையிட்டு இதைப் பெறமுடியாது, பாராளுமன்றத்தில்தான் பெறமுடியும். ஆகையால் இந்தக் கோரிக்கைகளைத் தோட்டந்தோறும் வாசித்துக் காட்டுங்கள். இதே சட்டத்தினால் வருந்தும் கரைநாட்டுச் சிங்களக் குடும்பங்களிடமும் சிங்களத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கையொப்பம் கேளுங்கள். கோவில் நிர்வாகத்தாரும் தொழிற்சங்கத் தலைவர்களும் ஒதுங்கி நின்றால், முதற் கையொப்பத்தைப் பெண்களிடமிருந்தே வாங்குங்கள்.