ஓடியாடுற பிள்ளைதான் சுகமான பிள்ளை

(சிறுவர் பராமரிப்பு நிலையப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்க வீட்டு நாலு வயசுப் பிள்ளையிடம் "சுகமா இருக்கிறதுன்னா என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "காய்ச்சல் இல்லாம இருக்கிறது", "ஊசி போடாம இருக்கிறது" என்று சொல்லும். இரத்தம், சத்து, கிருமி என்று அது யோசிப்பதில்லை. கண்ணுக்குத் தெரிவதைத்தான் நம்பும். தப்புச் செய்தால் தண்டனை தானாகவே வந்து சேரும் என்று சிறு பிள்ளைகள் நம்புவதைச் சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே 1932இல் எழுதினார். வருத்தம் வந்தாலும் அப்படித்தான் நினைக்கும்.

ஆகவே, "வெளிய ஆடினியே, அதான் சாமி காய்ச்சலக் குடுத்திருச்சு", "பேச்சுக் கேக்கலைன்னா ஊசி போடச் சொல்லுவேன்" என்று பயங்காட்டாதீர்கள். விளையாட்டு என்றால் குற்றம், ஆஸ்பத்திரி என்றால் தண்டனை என்று மனதில் பதிந்துவிடும். பிறகு வயிறு வலித்தாலும் பிள்ளை வாய் திறக்காது.

விளையாட்டால் சுகம் வரும் என்பதை எப்படிப் புரியவைப்பது? லயத்து வாசலில் ஒரு ஓட்டம் ஓடவிட்டு, நெஞ்சில் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். "டக்கு டக்குன்னு அடிக்குது பாரு, ஓட ஓட இது பலமாகும்" என்றால் போதும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி 3, 4 வயதுப் பிள்ளைகள் நாளுக்கு 180 நிமிடமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். ஒரே தடவையில் அல்ல, நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக. பெண் பிள்ளைக்கும் இதே கணக்குத்தான். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பது விளையாட்டாகாது.

"எங்க பிள்ளை ரொம்ப சாது, வச்ச எடத்துல இருக்கும்" என்று சிலர் பெருமைப்படுவார்கள். சாதுவா, சோர்வா என்று பாருங்கள். இரத்தம் குறைந்த பிள்ளை சீக்கிரம் களைத்து உட்கார்ந்துவிடும். கண் இமையின் உட்புறம் வெளுத்திருந்தால் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். கொக்கிப்புழு வெறுங்கால் வழியாக ஏறி இரத்தத்தை உறிஞ்சும். செருப்புப் போட்டு விளையாட விடுங்கள். பூச்சி மருந்தைத் தவறவிடாதீர்கள். ரொட்டியோடு தேத்தண்ணி கொடுத்தால், சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. நாம் பறிக்கிற கொழுந்துதான். ஆனாலும் சின்னப் பிள்ளைக்கு அது வேண்டாம்.

கொழுந்து நிறுத்து வீடு வரும்போது உங்களுக்கும் களைப்புத்தான். அப்படியும் பத்து நிமிடம் பிள்ளையோடு பந்து உருட்டுங்கள். தகப்பன்மாரே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாம் சொல்வதைவிட, நாம் செய்வதைத்தான் பிள்ளை பிடித்துக்கொள்ளும்.