கொத்தனாரை அனுப்பிவிடாதீர்கள்

ரொம்ப நாளைக்குப் பிறகு நேற்று உடற்பயிற்சி செய்தீர்களா? இன்று படி இறங்கும்போது தொடை வலிக்கிறதா? நாளை இன்னும் கொஞ்சம் வலிக்கலாம். பயப்படாதீர்கள். தசை இழைகளில் நுண்ணிய சேதம். அதைச் சரிசெய்ய உடம்பே கிளப்பிய அழற்சிதான் இந்த வலி.

சுவரில் விரிசல் விட்டால் கொத்தனார் முதலில் பழைய பூச்சைக் கொத்தி எடுப்பார். வீடெல்லாம் தூசி, சத்தம். சத்தம் பிடிக்கவில்லை என்று அவரை அனுப்பிவிட்டால் பூச்சு வேலையை யார் பார்ப்பது?

அந்தச் சத்தத்தை அடக்குவதுபோல், சிலர் இந்த வலிக்கு வைட்டமின் சி, ஈ மாத்திரைகளை அள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். இந்த மாத்திரைகளைப் பற்றி 2009-இல் ஜெர்மனியில் ஓர் ஆய்வு வெளிவந்தது. உடற்பயிற்சி செய்தால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் அல்லவா? மாத்திரை போடாதவர்களுக்கு அந்தப் பலன் கிடைத்தது. இந்த இரண்டையும் தினமும் அதிக அளவில் விழுங்கியவர்களுக்குக் கிடைக்கவில்லை! காசும் போச்சு, வியர்வையும் போச்சு.

வைட்டமினுக்காகக் கொய்யாப்பழம் தாராளமாகச் சாப்பிடுங்கள், அது உணவு. நான் சொல்வது டப்பா மாத்திரையை. வலி இரண்டு மூன்று நாளில் தணியத் தொடங்கும். கடும் வலியோடு சிறுநீர் கட்டன்காப்பி நிறத்தில் போனால் மட்டும் காத்திருக்காதீர்கள். உடனே டாக்டரிடம் போங்கள்.