உடைந்த நாற்காலி என்னும் ஆசிரியர்

ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன், ஒரு திங்கள் முழுதும் முயன்று செய்த ஒற்றைத் தேர்க்காலுக்கு அதியமானை ஒப்பிட்டார் ஔவையார். விரைந்து செய்ய வல்லவனும் நிதானமாகச் செய்யும்போதே அவன் கலை நிறைவு பெறுகிறது. புதிய பொருளைச் செய்வதற்கே இந்நிதானம் வேண்டுமானால், பழைய பொருளைச் செம்மை செய்வதற்கு அது எவ்வளவு வேண்டும்! இதைப் பற்றியே மாணவர்களாகிய உங்களிடம் இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் எங்கள் ஊர். நெசவுக்கும் பெயர் பெற்றது. தறி மரத்தால் ஆனதாகையால், நெசவு உள்ள இடத்தில் மரவேலையும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் அங்கே நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். எவரிடமும் தச்சு பயின்றவரல்லர். வீட்டுத் தறியைப் பழுது பார்ப்பதற்காக உளியும் இழைப்புளியும் பிடித்தவர். இன்று பழைய நாற்காலி, அலமாரி, ஊஞ்சற்பலகை முதலியவற்றைப் புதுப்பிக்கிறார்; தம் கருத்தில் தோன்றிய புதியனவும் படைக்கிறார். "தங்களுக்கு ஆசிரியர் யார்?" என்று ஒருமுறை கேட்டேன். "உடைந்த நாற்காலிதான், ஐயா" என்றார்.

அவர் கூறியது வேடிக்கையன்று. நல்ல நாற்காலியின் மூட்டுகளில் ஆணி இராது. ஒரு கட்டையின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, மற்றொரு கட்டையில் பொளித்த துளையில் செலுத்துவர். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இப்பொருத்து புலனாகாது. மூட்டுத் தளர்ந்து, அதனைக் கழற்றும்போதுதான், பழைய தச்சர் எவ்வளவு ஆழம் பொளித்தார், ரேகை எப்பக்கம் ஓடும்படி மரத்தைத் தேர்ந்தார் என்பன விளங்கும். அவர்கள் இட்ட பசையின் பெயர் வச்சிரம். விலங்கின் தோல், எலும்பு ஆகியவற்றைக் காய்ச்சி எடுப்பது. சூடும் ஈரமும் பட்டால் அது இளகிவிடும். மரம் சிதையாமல் மூட்டைப் பிரிக்கலாம்.

அலமாரிக் கதவிலும் ஒரு பாடம் உண்டு. சட்டத்தின் நடுவிலுள்ள பலகையைப் பசையிட்டு ஒட்டாமல், காடியில் சற்றே தளர்வாக நிறுத்தியிருப்பார்கள். மரம் மழைக்காலத்தில் ஈரம் ஏற்று அகலத்தில் விரியும், கோடையில் சுருங்கும், நீளத்திலோ மாறுதல் மிகச் சிறிது. அசைய இடமின்றி இறுக்கப்பட்ட பலகை வெடித்துவிடும். ஐப்பசி மழையும் சித்திரை வெயிலும் மாறி மாறித் தாக்கும் நம் பகுதியில் இது தச்சர் அறியவேண்டிய முதற்பாடம்.

என் பாட்டனார் காலத்துத் தேக்குச் சாய்வு நாற்காலி ஒன்றின் கால், ஈரத்தரையில் நின்று இற்றுப்போயிற்று. விறகுக்குப் போடலாம் என்றனர் வீட்டார். நண்பர் இற்ற பகுதியை மட்டும் சாய்வாக அறுத்து நீக்கி, ரேகை ஒத்த பழந்தேக்கை இணைத்தார். கைப்பிடியில் தேய்ந்திருந்த பள்ளத்தை மட்டும் இழைத்துச் சமன் செய்ய மறுத்துவிட்டார். "அது தங்கள் பாட்டனார் கை பட்ட இடம்" என்றார். எதைத் திருத்துவது என்பதோடு, எதைத் தொடாமல் விடுவது என்பதும் அறிந்தவரே இத்தொழிலில் வல்லவர்.

தாமே கற்று உலகப் புகழ் பெற்றோரும் உளர். லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1916-இல் அமெரிக்காவில் பிறந்த சாம் மாலூஃப், மரவேலையை முறையாகப் பயின்றவரல்லர். தம் வீட்டுக்கு வேண்டிய சாமான்களைத் தாமே செய்யத் தொடங்கி, அதையே தொழிலாக்கிக்கொண்டார்; 1985-இல் மக்கார்தர் நல்கை பெற்றார். ஆயினும், தாமே கற்றல் என்பது ஆசிரியரை வேண்டாமென்பதன்று. புதுச்சேரியில் கோல்கொண்டா விடுதி எழுந்தபோது அங்கே பணிபுரிந்த கட்டடக் கலைஞர் ஜார்ஜ் நகாஷிமா, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கத் தடுப்பு முகாமில் அடைபட்டிருந்தார். அங்கே சந்தித்த ஜப்பானியத் தச்சர் ஒருவரிடம் மாணவராக இருந்து தொழில் நுட்பம் கற்றார். கற்க விரும்புபவனுக்குச் சிறையும் பள்ளியாகும்.

கைத்தொழிலைக் கல்வியின் நடுவே வைக்கவேண்டுமென்று 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் வற்புறுத்தினார். பிறப்பால் ஒருவனுக்கு உரியது, மற்றவனுக்கு ஆகாதது என்று எந்தத் தொழிலும் இல்லை என்பதற்கு எங்கள் ஊர் நண்பரே சான்று.

உங்கள் வீட்டில் ஆடும் நாற்காலி இருக்கலாம். அதில் ஆணி அடிக்காதீர்கள். ஆணி கழுந்தைப் பிளக்கும், துருவேறி மரத்தையும் கெடுக்கும். பழைய பொருள் வாங்குவோனிடம் போடுவதற்கு முன்னர், தொழில் அறிந்த ஒருவரை உடன் வைத்துக்கொண்டு அதை மெல்லக் கழற்றிப் பாருங்கள். பெயர் தெரியாத ஒரு தச்சருடைய அறிவு அந்த மூட்டுக்குள் இருக்கும்.