தலைக்கு எவ்வளவு? எந்தத் தலைக்கு?



சர்க்கார் செலவை ஜனத்தொகையால் வகுத்து, 'தலைக்கு இவ்வளவு' என்று தேசங்களை வரிசைப்படுத்திப் பத்திரிகைகளில் போடுகிறார்கள். லக்ஸம்பர்க் என்ற சின்னஞ்சிறு ஐரோப்பிய நாடு அதில் உச்சியில் நிற்கும். ஜனங்களுக்கு வாரி வழங்குகிறார்கள் என்பார் ஒருவர்; ஊதாரித்தனம் என்பார் இன்னொருவர். எத்தனை பேரால் வகுத்தார்கள் என்று இருவருமே கேட்பதில்லை.

2024-ம் வருஷத் துவக்கத்தில் அங்கே வசித்தவர்கள் சுமார் 6 லட்சத்து 70 ஆயிரம் பேர். ஆனால் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளிலிருந்தும் 2 லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் காலையில் எல்லை தாண்டி வந்து, மாலையில் வீடு திரும்புகிறார்கள். அங்கே கூலிக்கு உழைப்போரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இவர்கள்தான்! வரியும் இன்ஷூரன்ஸ் சந்தாவும் அங்கேயே பிடித்தம். வயதானால் பென்ஷன் எல்லைக்கு அப்பால் அவர்கள் ஊருக்குப் போகிறது. குழந்தைகளுக்கான படியும் போகிறது. 2020 முதல் பஸ்ஸும் ரயிலும் அங்கே இலவசம். அதிலும் இவர்கள் ஏறுகிறார்கள். செலவு கணக்கில் உண்டு, இவர்கள் தலை கணக்கில் இல்லை. பதின்மூன்று பேர் சாப்பிட்டதை உள்ளூர்க்காரர் பத்துப் பேருக்கு மட்டும் வகுத்தால், எல்லோரும் பெருந்தீனிக்காரர்களாகத்தான் தெரிவார்கள்!

அதற்காக 2 லட்சத்தை அப்படியே கூட்டி வகுத்தாலும் சரிவராது. அவர்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும், வீட்டு வாசல் ரோட்டையும் சொந்த நாடுதான் கவனிக்கிறது.

இந்தத் தகராறு கணக்குப் புத்தகத்தோடு நின்றதா? இல்லை. 2010-ல் ஒரு சட்டம் வந்தது. பதினெட்டு வயது தாண்டிய மாணவர்களுக்கு அதுவரை கொடுத்த படியை நிறுத்தி, அதற்குப் பதில் படிப்பு உதவி என்றார்கள். அந்த உதவியோ உள்நாட்டில் வசிப்போருக்கு மட்டும்! எல்லை தாண்டி வரும் தொழிலாளியின் பிள்ளைக்குக் கிடையாது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போயிற்று. அந்த நிபந்தனை அளவுக்கு மீறியது, செல்லாது என்று 2013-ல் தீர்ப்பாயிற்று.

கத்தாரிலோ கதை தலைகீழ். அங்கே பத்தில் ஒன்பது பேர், நம் தமிழ்நாட்டுக் கட்டடத் தொழிலாளர் உட்பட, வெளிநாட்டவர். அங்கேயே தங்கியிருப்பதால் வகுக்கும்போது அவர்கள் தலையும் எண்ணப்படுகிறது. ஆனால் இலவச மின்சாரமும் தண்ணீரும் கத்தார் பிரஜைகளுக்கு. முகாமில் எட்டுப் பேரோடு ஒரே அறையில் படுக்கிறவருக்கு அந்தச் சலுகை இல்லை.