எது நமது செல்வம்?
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



கிறிஸ்துவை அறிந்தபின் தம் பழைய பெருமைகளெல்லாம் பெறுமதியற்றுப் போயின என்று புனித பவுல் பிலிப்பியருக்கு எழுதினார். அதை நம் மலைநாட்டிலேயே வாழ்ந்து காட்டியவர் புனித யோசப் வாஸ் அடிகளார்.

கோவாவில் உயர்குடியில் பிறந்து, குருக்கள் குழுவொன்றின் தலைவராய் இருந்தவர் அவர். ஒல்லாந்தர் ஆட்சியில் இலங்கைக் கத்தோலிக்கர் குருவின்றித் தவிப்பதை அறிந்தார். பதவியை விட்டு, 1687இல் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். 1692இல் கண்டிக்கு வந்தவரை உளவாளி என்று சந்தேகித்துச் சிறையிட்டார்கள். பின்னர் அவர் தேடிச் சென்ற ஊர்களுள் நமது மாத்தளை மாவட்டத்து வஹாகோட்டையும் ஒன்று.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. வசதியுள்ளோர் நகரைவிட்டு வெளியேறினர். பெற்ற பிள்ளைகளையும் கைவிட்டோர் உண்டு. அடிகளாரோ அங்கேயே தங்கினார். கத்தோலிக்கர், பௌத்தர் என்று பாராமல் நோயாளருக்கு உணவூட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கம் செய்தார். 1711இல் கண்டியிலேயே அவர் மரித்தார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

சகோதரிகளே, பணம் பாவமல்ல. பிள்ளைகளின் படிப்புக்காகக் கடல் கடந்து உழைப்போர் நம்மில் பலர். அந்த உழைப்பை நான் குறை சொல்லவில்லை. பணம் நம் வீட்டில் வேலைக்காரியாக இருக்கிறதா, எசமானியாக இருக்கிறதா என்பதே என் கேள்வி.

இதற்கான பரீட்சை கோயிலில் நடப்பதில்லை. கலியாணப் பேச்சில் நடக்கிறது. கோயிலில் முழந்தாளிட்ட நாமே, மகனுக்குப் பெண் பார்க்கும்போது எத்தனை பவுண், காணி உண்டா என்று முதலில் கேட்கிறோம். நல்ல குணமும் கல்வியும் உள்ள பிள்ளை சீதனமில்லாமல் வீட்டோடு இருந்து விடுகிறாள். அப்படிக் கேட்கும் வீட்டில் கிறிஸ்து முதலிடத்தில் இருக்கிறார் என்று எப்படிச் சொல்வது?

இந்த நூற்றாண்டில் நாம் பாடசாலைக்குக் கட்டடமும் கணினியும் கொடுப்போம். அத்துடன் இன்னொன்றும் கொடுப்போம். மகனைப் பெற்றவர்கள், “எங்களுக்குச் சீதனம் வேண்டாம்” என்று தாங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். அதனால் நமக்குச் சில இலட்சம் குறையலாம். அந்தக் குறைவைச் சந்தோஷமாக ஏற்கும் நாளில்தான் கிறிஸ்து நமக்கு எவ்வளவு பெறுமதியானவர் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியும்.

இறைவன் நம் பாடசாலையை ஆசீர்வதிப்பாராக.